'மே'யா, 'ஷால்'லா?



பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஐயா, பையர் மெயிலில் 'மே நாட்' என்று வருகிறது. செய்யக்கூடாது என்பதா, செய்யாமலும் இருக்கலாம் என்பதா?" நல்ல கேள்வி. தமிழில் 'அனுப்பக்கூடாது' வேறு, 'அனுப்பாமல் இருக்கலாம்' வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'மே நாட்' வரும். தடை என்றால் 'மஸ்ட் நாட்' என்றோ, ஒப்பந்தமானால் 'ஷால் நாட்' என்றோ எழுதிவிடுங்கள், வம்பில்லை என்று பதில் போட்டேன்.

இதே 'மே' நம் மாநிலத்தையே ஒரு காலத்தில் உலுக்கியது. இளையவர்கள் பலருக்கு அது தெரியாது.

அரசியலமைப்பின் 343-வது பிரிவு இந்தியை ஆட்சிமொழி ஆக்கியது. கூடவே, 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட வேண்டும் என்றது. அங்கே இருந்த சொல் 'ஷால்', அதாவது கட்டளை. கெடு 1965 ஜனவரி 26-ல் முடிகிறது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று 1959-ல் நேரு நாடாளுமன்றத்தில் வாக்குக் கொடுத்தார். அதைச் சட்டமாக்க 1963-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி கொண்டுவந்த அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவில், இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்பட'லாம்' என்று இருந்தது. 'ஷால்' போய் 'மே' வந்துவிட்டது.

அப்போது மாநிலங்களவையில் இருந்த அண்ணாவும் கழகத்தாரும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பயன்படுத்தலாம் என்றால் பயன்படுத்தாமலும் விடலாம் அல்லவா? இங்கே 'மே' என்றால் 'ஷால்' என்றே பொருள் என்றார் நேரு. சட்டத்தில் அப்படிப் படிப்பதும் உண்டு, நீதிமன்றங்களே சில வழக்குகளில் அப்படிச் சொல்லியிருக்கின்றன. ஆனால் பொருள் அதுதான் என்றால் அந்தச் சொல்லையே போட்டிருக்கலாமே! இலக்கணம் நடத்தியவன் என்ற முறையில் என் ஓட்டு அண்ணாவுக்கே. சொன்னவர் இருக்கும்வரை விளக்கம் இருக்கும், எழுத்துதான் பிறகும் நிற்கும். 1964 மே மாதம் நேரு மறைந்தார்.

1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர்கள் ஊர்வலம் கிளம்பியதிலிருந்து நடந்ததைப் பெரியவர்களிடம் கேளுங்கள். மாநிலம் முழுக்கத் துப்பாக்கிச் சூடு, சாவு. நம் திருப்பூரிலும் பிப்ரவரியில் இரண்டு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர்கள் கூட்டத்தால் கொல்லப்பட்டார்கள். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான மத்திய அமைச்சர் சி.சுப்பிரமணியம் ராஜினாமா கடிதம் கொடுத்தார். சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் வாக்குறுதியைக் காப்பதாக உறுதி சொன்னார்.

சட்டம் திருத்தப்பட்டது 1967 டிசம்பரில், இந்திரா காந்தி ஆட்சியில். இந்தியை ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று 'ஷால்' சேர்ந்தது. அந்த மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாம் தீர்மானம் போட்டு, பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் போட்டால் ஒழிய இதை நிறுத்த முடியாது.

ஒரு வேடிக்கை. 3-வது பிரிவின் முதல் வாக்கியத்தை யாரும் மாற்றவில்லை. எடுத்துப் படித்துப் பாருங்கள், அந்த 'மே' இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.