கோழிச் சண்டையில் பிறந்த வண்டி

போர் முடிந்து பத்துப் பதினைந்து வருடங்கள் ஆகியும் மேற்கு ஜெர்மனியின் சாதாரணக் குடும்பங்களுக்குக் கோழிக்கறி விசேஷ நாள் சமாச்சாரமாகவே இருந்தது. அந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து உறைய வைத்த கோழிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. கோழி வளர்ப்பை ஆலைத் தொழிலாகவே மாற்றிவிட்டிருந்த அமெரிக்கப் பண்ணைகளின் விலையோடு உள்ளூர்க்காரர்களால் போட்டி போட முடியவில்லை. வாங்குபவர்களுக்குக் கொண்டாட்டம், ஐரோப்பிய விவசாயிகளுக்கு வயிற்றெரிச்சல். 1962-இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் ஒன்றுகூடி அமெரிக்கக் கோழிக்கு இறக்குமதி வரியைத் தூக்கி ஏற்றின. ஏதோ கோழி வியாபாரத் தகராறு என்றுதான் உலகம் அதைப் பார்த்தது.

அமெரிக்கா அப்படிப் பார்க்கவில்லை. கோழிப் பண்ணைகள் நிறைந்த ஆர்கன்சாஸ் மாநிலத்தின் செனட்டர் ஃபுல்பிரைட், அணு ஆயுதம் பற்றிய நேட்டோ விவாதத்தின் நடுவிலேயே கோழிப் பிரச்சினையைக் கிளப்பினார். பேச்சுவார்த்தை ஒரு வருடத்துக்கும் மேல் இழுத்தது. கடைசியில் சர்வதேச வர்த்தகக் குழு ஒன்று கணக்குப் போட்டு, அமெரிக்காவுக்கு நஷ்டம் 2.6 கோடி டாலர் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தொகைக்கு ஈடாகப் பழிவாங்க வேண்டும். எதன் மேல் கை வைப்பது?

கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகாத 1963 டிசம்பர் 4 அன்று, புதிய அதிபர் லிண்டன் ஜான்சன் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். பிராந்தி, உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பசை, சிறிய லாரிகள் ஆகிய நான்குக்கும் 25 சதவீத இறக்குமதி வரி. கடைசிப் பொருளின் குறி ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன். அதன் வேன்களும் பிக்கப்புகளும் அமெரிக்காவில் நன்றாக விற்றுக்கொண்டிருந்தன. அந்த ஆணையை எழுதியவர்கள் ஜப்பானைப் பெரிதாக நினைத்திருக்க வாய்ப்பில்லை.

ஜப்பானிய வண்டிகளின் அன்றைய லட்சணம் அப்படி. 1957-இல் டொயோட்டா ஹாலிவுட்டில் கடை திறந்து, கிரவுன் என்ற காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஜப்பானின் மேடுபள்ளச் சாலைகளுக்காகச் செய்த கனமான கார் அது. அமெரிக்க நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் திணறியது, சூடேறியது, வண்டி உதறியது. 1958 முழுவதும் விற்றவை 287. சில வருடங்களில் அந்தக் காரை மூட்டை கட்டிவிட்டு, லேண்ட் க்ரூசர் ஜீப்பை மட்டும் நம்பிக் காலத்தை ஓட்டியது கம்பெனி. ஆனால், அங்கே அதற்குப் பேர் வாங்கித் தரப் போகும் லாரி டொயோட்டாவின் பட்டறையில் பிறக்கவே இல்லை.

அது பிறந்த இடம், கார் செய்யும் ஆசையில் கையைச் சுட்டுக்கொண்ட ஒரு லாரிக் கம்பெனி. ஹினோ பெரிய லாரிகளுக்குப் பேர்போன நிறுவனம். 1953-இல் பிரான்சின் ரெனோ கம்பெனியிடம் உரிமம் வாங்கி அவர்களுடைய சின்னக் காரைச் செய்து பழகியது. பிறகு, பின்பக்கம் எஞ்சின் வைத்த கான்டெஸா என்ற சொந்தக் காரையும் கொண்டுவந்தது. 1964-இல் வந்த அடுத்த கான்டெஸாவின் அழகிய உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. அழகு இருந்தது, விற்பனை இல்லை. 1966-இல் ஹினோ டொயோட்டாவோடு கைகோத்தது; கார் கனவை விட்டுவிட வேண்டியதாயிற்று. கை வசம் திறமையும் தொழிற்சாலையும் இருந்தன. டொயோட்டா அவர்களிடம் ஒரு வேலையைக் கொடுத்தது: ஒரு சின்ன லாரி.

1968 மார்ச்சில் டோக்கியோ பக்கம் ஹமூரா தொழிற்சாலையிலிருந்து அது வெளியே வந்தது. 1,490 சிசி எஞ்சின், ஒரு டன் சுமை, முன்னால் மூன்று பேர் உட்காரும் ஒரே நீள இருக்கை. அடியில் லாரிக்கு உரிய ஏணிச் சட்டம் போன்ற சேஸிஸ், ஓட்டும்போது மட்டும் கொஞ்சம் கார் சாயல். ஹைலக்ஸ் என்று பெயர் சூட்டினார்கள். மறு வருடமே அது அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. துறைமுகத்தில் அந்தக் கோழி வரி காத்திருந்தது.

25 சதவீதம் கட்டினால் மலிவு வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் சட்டப் புத்தகத்தில் ஒரு சந்து இருந்தது. முழு லாரிக்குத்தான் 25. முன் அறையும் வெறும் சேஸிஸுமாக வந்தால் 4 சதவீதம்தான். பிறகென்ன? கப்பலிலிருந்து இறங்கிய வண்டிகளில் டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. இரண்டு இரும்புச் சட்டங்கள், அவற்றின் கடைசியில் ஒரு ஆக்சில், இரண்டு டயர். சுமைத்தொட்டியை கலிபோர்னியாவிலேயே அடித்து, போல்ட் போட்டு முறுக்கி, கடைக்கு அனுப்பினார்கள். 1974-இல் லாங் பீச்சில் தொட்டி செய்த பட்டறையையே டொயோட்டா வாங்கிவிட்டது. அமெரிக்க மண்ணில் அந்தக் கம்பெனியின் உற்பத்தி தொடங்கியது இந்தத் தகரத் தொட்டியில்தான். வேடிக்கை என்னவென்றால், அதே சந்துக்குள் அமெரிக்கக் கம்பெனிகளும் நுழைந்தன. மாஸ்டா செய்ததை ஃபோர்டும் இசுசு செய்ததை ஷெவர்லேவும் தங்கள் பெயர் ஒட்டி விற்றன. சுபாரு இன்னும் ஒரு படி மேலே போனது: பிராட் என்ற தன் வண்டியின் சுமைத்தொட்டிக்குள் பின்பக்கம் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் வைத்து, இது லாரியே இல்லை, ஆள் ஏறும் கார் என்று சாதித்தது. ரொனால்ட் ரீகன்கூடத் தன் பண்ணையில் ஒன்று வைத்திருந்தார். சந்து எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதுதான் கேள்வி.

அது மூடுவதற்குள் ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. 1979-இல் ஈரான் புரட்சியால் பெட்ரோல் பங்குகளில் நீள வரிசை. எண்ணெய் குடிக்கும் பெரிய பிக்கப்புகள் வாசலில் நின்றுகொண்டிருக்க, டொயோட்டா தன் சின்ன லாரிக்கு ஃபோர் வீல் டிரைவ் கொடுத்து இறக்கிய வருடமும் அதுவே. முன்பக்கம் இரு சக்கரத்தையும் ஒரே குழாயாக இணைக்கும் கட்டி ஆக்சில். அதன் மேல் பட்டை ஸ்பிரிங். பாறையில் ஒரு சக்கரம் மேலே ஏறினால் மறு சக்கரம் தானாகக் கீழே அழுந்தி மண்ணைப் பிடிக்கும். உடைவதற்கு அதில் அதிகமாக ஒன்றும் இல்லை. தார்ச் சாலையில் அதே அமைப்பு இடுப்பெலும்பைப் பதம் பார்த்தது. திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்குப் போக ஒரு வண்டி, சனி ஞாயிறில் பாலைவனத்துக்கும் மலைக்கும் போக அதே வண்டி என்று மக்கள் கேட்கத் தொடங்க, பொறியாளர்கள் பாடு திண்டாட்டமானது. 1986 மாடலில் கட்டி ஆக்சில் போய், சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் வந்தது. பாறை ஏறும் கூட்டம் கொதித்தது. பழைய 1985 மாடலைத் தேடிப் பிடிக்க ஆரம்பித்தது. தினம் ஓட்டுபவர்களோ முதுகைத் தடவிக்கொண்டு நன்றி சொன்னார்கள். என்னைக் கேட்டால், இந்த வண்டியின் உண்மையான பிறந்தநாள் அந்தச் சமரசம் நடந்த அன்றுதான். ஆனால் கம்பெனியின் தலைவலி வேறெங்கோ இருந்தது.

1980-லேயே அரசாங்கம் அந்தச் சந்தின் வாயை அடைத்துவிட்டது. வெறும் சேஸிஸாக வந்தாலும் 25 சதவீதம்தான். வரியிலிருந்து தப்ப ஒரே வழி, வண்டியை அமெரிக்காவிலேயே செய்வது. அதற்கான இடம் மிகவும் கேவலமான பெயர் எடுத்திருந்த ஒரு தொழிற்சாலையாக அமைந்தது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் தொழிலாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் போட்டார்கள், வேலை நேரத்தில் குடித்தார்கள். 1982-இல் கம்பெனியே அதை இழுத்து மூடியது. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்து, பழைய தொழிலாளர்களிலேயே பெரும்பாலோரைத் திரும்ப எடுத்து, பலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கின. அதே ஆட்கள் செய்த கார்கள் தரத்தில் பெயர் வாங்கின. 1991-இல் பிக்கப்பும் அங்கே தயாராகத் தொடங்கியது. நடுவில் ஒரு சறுக்கல்: பெரிய பிக்கப் வேண்டும் என்று டி100 என்ற வண்டியை ஜப்பானில் செய்து, 25 சதவீத வரியும் கட்டி இறக்கினார்கள். வி8 எஞ்சின் இல்லை, விலையோ மட்டில்லை. அமெரிக்கர்கள் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியதாகவும் இல்லாமல் சிறியதாகவும் இல்லாமல் நடுவில் ஒன்று வேண்டும் என்பது அப்போது உறைத்தது.

உலகத்துக்கெல்லாம் ஒரே ஹைலக்ஸ் என்ற வழக்கத்தை விட்டு, அமெரிக்கருக்கென்றே தனியாக வடிவமைத்த அந்த வண்டி 1995-இல் வந்தது. டொயோட்டா டகோமா! இன்று அமெரிக்காவில் நடுத்தர பிக்கப் வாங்க நினைப்பவர் பட்டியலில் முதலில் எழுதும் பெயர். 1998-இல் பின் டிஃபரென்ஷியலைப் பூட்டும் வசதி, 2001-இல் குடும்பமே ஏறும் நான்கு கதவு. 2012-க்குள் ரேஞ்சர், டகோடா, கொலராடோ என்று போட்டி வண்டிகள் ஒவ்வொன்றாக அமெரிக்கச் சந்தையை விட்டு விலகியபோதும் இது நின்றது. பிராந்திக்கும் மாவுக்கும் போட்ட வரி எப்போதோ போய்விட்டது, லாரி வரி மட்டும் போகவில்லை. வளைகுடாவில் நம்மூர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் ஹைலக்ஸ் 2022-இல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. டெக்சாஸ் பண்ணைக்காரருக்குப் புது ஹைலக்ஸ் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

உழைப்புக்குப் பெயர் போன டகோமாவுக்கும் ஒரு கண்டம் இருந்தது. பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் மாநிலங்களில், முதல் தலைமுறை டகோமாக்களின் சேஸிஸ் துருவேறி ஓட்டையாகத் தொடங்கியது. 2008-இல் மோசமான வண்டிகளைச் சந்தை மதிப்பின் ஒன்றரை மடங்கு கொடுத்து டொயோட்டாவே திரும்ப வாங்கியது. அதற்குப் பிந்திய வண்டிகளுக்காக 2016-இல் வந்த வழக்குச் சமரசத்தின் மதிப்பு 340 கோடி டாலர் வரை போனது. எஞ்சின் லட்சக்கணக்கான மைல் ஓடும், அதைத் தாங்கும் சட்டம் உதிர்ந்துவிடும். அதனால்தான் பழைய டகோமா வாங்கப் போகிறவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்கிறார். சேஸிஸை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறார். கணீர் என்று கேட்டால் பேரம் தொடங்கும். பொத் என்று கேட்டால், எஞ்சினைப் பற்றி விற்பவர் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்.