தண்ணீர் நின்றும் தாகம் தீராத நிலம்: ஹங்கேரியின் களர் சமவெளி சொல்லும் பாடம்

மழை விட்டு இரண்டு நாட்களாகியும் வயலில் கணுக்கால் அளவு கலங்கல் தண்ணீர் நிற்கிறது. அந்த இடத்திலேயே ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டினால் மண் காய்ந்து கிடக்கிறது. மேலே நிற்கும் நீர் கீழே இறங்குவதில்லை. கோடை வந்ததும் அதே மண் கல்லாக இறுகி, அலவாங்குக்கும் அசைய மறுக்கிறது. களர் நிலத்தின் முதல் அடையாளம் இதுதான்.

இவ்வகை நிலத்தை உலகில் மிகவும் நுணுக்கமாக ஆராய்ந்த நாடுகளில் ஹங்கேரியும் ஒன்று. அந்நாட்டின் கிழக்கே, டெப்ரெட்சென் நகருக்கு மேற்காக, திசா ஆற்றின் பழைய வெள்ளச் சமவெளியில் விரிந்து கிடக்கிறது ஹோர்டோபாஜ் புல்வெளி. ஆண்டு மழைவீழ்ச்சி சுமார் 500 முதல் 550 மில்லிமீற்றர் வரைதான். இது எமது மன்னார் பெறும் மழையில் ஏறக்குறையப் பாதி. கோடையில் பெய்யும் மழையைவிட ஆவியாகிச் செல்லும் நீரே அதிகம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடு பள்ளம் தெரியாத புல்தரை. அதில் மேயும் நீண்ட கொம்புடைய சாம்பல்நிற மாடுகளும் முறுக்குக் கொம்புச் செம்மறிகளும் அப்பகுதியின் அடையாளங்கள்.

உவர் வேறு, களர் வேறு

உவர், களர் ஆகிய இரண்டு சொற்களையும் நாம் பெரும்பாலும் ஒரே பொருளில் பயன்படுத்துகிறோம். ஆனால் மண்ணியலில் இவை இரண்டு வெவ்வேறு நோய்கள்.

உவர் நிலத்தில் கரையக்கூடிய உப்புகள் அளவுக்கு மீறி இருக்கும். மண்ணில் நீர் இருந்தாலும் பயிரின் வேர் அதை உறிஞ்சச் சிரமப்படும். வெயில் காலத்தில் மேலே வெள்ளை பூக்கும். ஆனால் மண்ணின் கட்டமைப்பு பெரும்பாலும் கெடுவதில்லை.

களர் நிலத்தில் உப்பின் மொத்த அளவு குறைவாகக்கூட இருக்கலாம். அங்கு சிக்கல் சோடியம். களிமண் துணிக்கைகள் தம்மோடு பிடித்து வைத்திருக்கும் அயன்களில் 15 சதவீதத்துக்கு மேல் சோடியமாக இருந்தால் அம்மண் களர் என வகைப்படுத்தப்படுகிறது. கல்சியம் களித் துணிக்கைகளை ஒன்று சேர்த்துக் கட்டி வைக்கும். சோடியமோ அவற்றைப் பிரித்துவிடும். பிரிந்த நுண்துணிக்கைகள் மண்ணின் துவாரங்களை அடைத்துக்கொள்ள, நீரும் காற்றும் உள்ளே செல்ல வழியில்லாது போகும். சோடியம் காபனேற்று சேர்ந்திருந்தால் பி.எச். பெறுமானம் 8.5 ஐத் தாண்டி 10 வரையும் உயரும். அந்நிலையில் இரும்பு, நாகம் போன்ற போசணைகள் மண்ணில் இருந்தாலும் பயிருக்கு எட்டுவதில்லை.

நிலத்தின் அடுக்குகள்

ஹோர்டோபாஜ் மண்ணை வெட்டிப் பார்த்தால் மேலே சில சென்ரிமீற்றர் முதல் ஒரு சாண் வரை சாம்பல்நிற மென்மண் இருக்கும். அதற்குக் கீழே உச்சி வட்டமான தூண்களை நெருக்கமாக அடுக்கி வைத்தது போன்ற கடினமான களிப்படை. சோடியம் நிறைந்த இப்படையே வேரையும் நீரையும் மறிக்கிறது. மண்ணியலாளர் இத்தகைய மண்ணை ‘சொலோனெட்ஸ்’ என்பர்.

மேல்மண் அரித்துச் செல்லப்பட்ட இடங்களில் ஒரு சாண் உயரமான சிறு படிகள் உருவாகின்றன. பத்து இருபது சென்ரிமீற்றர் உயர வேறுபாட்டிலேயே தாவரங்கள் மாறிவிடும். படியின் மேலே ஆடு மேயும் குட்டைப் புல்லும் மருக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த செடியும் வளரும். கீழே உப்பைத் தாங்கும் சில செடிகள் மட்டும். மிகத் தாழ்வான இடத்தில் வெறும் தரை.

இம்மண்ணை உழுவதற்குக் கிடைக்கும் காலமும் மிகக் குறுகியது. ஈரமாக இருந்தால் கலப்பையில் ஒட்டும், காய்ந்தால் கலப்பை இறங்காது. இடைப்பட்ட பதம் சிறிது நேரமே நீடிப்பதால் ஹங்கேரிய விவசாயிகள் இதனை ‘நிமிட நிலம்’ என்று அழைக்கின்றனர்.

ஆற்றைக் கட்டியதால் வந்ததா?

திசா ஆற்றை நேராக்கி, இரு கரைகளிலும் அணைகட்டும் பணி 1846 இல் தொடங்கியது. அரசியல்வாதி இஷ்ட்வான் செச்செனியின் முன்னெடுப்பில், பொறியியலாளர் பால் வாஷார்ஹெய்யின் திட்டப்படி அது நடந்தது. சுமார் 1,400 கிலோமீற்றர் நீளமாக வளைந்து ஓடிய ஆறு 1,000 கிலோமீற்றருக்கும் குறைவாகச் சுருங்கியது. ஆண்டுதோறும் சமவெளியில் பரவி உப்பைக் கழுவிய வெள்ளம் நின்றுபோனது. ஆகவே அந்நிலத்தைக் களராக்கியது மனிதனே என்று நீண்டகாலம் நம்பப்பட்டது.

பின்னர் அங்குள்ள பழைய படிவுகளில் புதைந்திருந்த மகரந்தம், நத்தை ஓடு முதலியவற்றை ஆராய்ந்தவர்கள் வேறு முடிவுக்கு வந்தனர். பனியுகத்தின் முடிவிலிருந்தே, அதாவது பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, அங்கு களர்ப் புல்வெளி இருந்து வந்துள்ளது. சூழவுள்ள மலைகளின் பாறைகளிலிருந்து கரைந்த சோடியத்தை நிலத்தடி நீர் தாழ்வான சமவெளிக்குக் கொண்டுவருகிறது. கோடையில் நீர் மேலெழுந்து ஆவியாகும்போது கல்சியம் முதலில் சுண்ணாம்பாகப் படிந்துவிட, எஞ்சும் சோடியம் களிமண்ணைப் பற்றிக்கொள்கிறது. ஆற்றைக் கட்டியது நோயைப் பரப்பியிருக்கலாம், ஆனால் அதைத் தோற்றுவிக்கவில்லை.

அங்குள்ள மக்களும் அந்த நிலத்தோடு வாழப் பழகியிருந்தனர். தரையில் பூத்த சோடா உப்பைப் பெருக்கி அள்ளினர். டெப்ரெட்செனின் புகழ்பெற்ற சவர்க்காரம் அதிலிருந்துதான் காய்ச்சப்பட்டது. எமது ஊர்களில் சலவைத் தொழிலாளர் உவர்மண் கொண்டு துணி வெளுத்தது போன்றதே இதுவும்.

பலவந்தமாக நடப்பட்ட நெல்

1950 ஜூன் முதல் ஹங்கேரியின் கம்யூனிச அரசு எல்லையோரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை இரவோடிரவாக ஏற்றிச் சென்று ஹோர்டோபாஜில் இறக்கியது. பெரும்பாலானோர் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படாதவர்கள். பன்னிரண்டு கட்டாய உழைப்பு முகாம்கள் அமைக்கப்பட்டன. செம்மறிப் பட்டிகளே பலருக்கு வீடாயின. முதியவர்களும் குழந்தைகளும் அங்கிருந்தனர்.

அவர்களின் உழைப்பைக் கொண்டு களர் நிலத்தில் நெல்லும் பருத்தியும் விளைவிக்க அரசு முயன்றது. நீர் கீழிறங்காத மண்ணில் நெல்லுக்குத் தண்ணீர் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் பருத்திக்குப் போதிய வெப்பம் அங்கில்லை. நெற்செய்கையும் 1950களின் நடுப்பகுதியில் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் சரிந்தது. 1953 இல் முகாம்கள் மூடப்பட்டன. எனினும் மக்கள் தமது சொந்த ஊர்களுக்குத் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. அவர்களது வீடுகளில் வேறு ஆட்கள் குடியிருந்தனர்.

இவ்வரலாற்றுக்கு எமது வாசகர்களிடத்தில் விளக்கவுரை தேவையில்லை.

1973 இல் ஹோர்டோபாஜ் ஹங்கேரியின் முதலாவது தேசிய பூங்காவானது. 1999 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கைவிடப்பட்ட நெல்வயல்களின் வரம்புகளும் வாய்க்கால்களும் பல இடங்களில் மீண்டும் மண்ணோடு சமப்படுத்தப்பட்டு, நீர் தன் பழைய வழியில் பரவ விடப்பட்டது. ‘பயனற்றது’ எனப்பட்ட அந்தப் புல்வெளியில் இன்று இலையுதிர் காலத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கொக்குகள் வந்து இறங்குகின்றன.

திருத்த முடியுமா?

முடியும், ஆனால் நோயறிந்து செய்ய வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் சார்வாஷ் ஊரின் மதகுருவான சாமுவேல் டெஷெடிக், கீழ்மண்ணிலிருந்து வெட்டியெடுத்த சுண்ணாம்பு கலந்த மஞ்சள் மண்ணைக் களர் வயலில் பரப்பித் திருத்திக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டில் எலெக் ஷிக்மொண்ட் அதற்கு அறிவியல் அடிப்படை தந்தார். மேல்மண்ணில் சுண்ணாம்பு இல்லாத களருக்குச் சுண்ணாம்பு போதும். சோடா நிறைந்த களருக்கு ஜிப்சம் தேவை. ஜிப்சத்திலுள்ள கல்சியம் சோடியத்தை அகற்றி அதன் இடத்தைப் பிடிக்கும். விடுபட்ட சோடியம் நீரோடு வெளியேற வடிகால் இருக்க வேண்டும். வடிகால் இல்லையேல் செலவு அனைத்தும் வீண்.

எமது மண்ணில்

இலங்கையின் மண் வகைப்பாட்டிலும் சொலோனெட்ஸ் மண் உண்டு. மன்னார்ப் பகுதி உட்பட உலர் வலயத்தின் தாழ்நிலங்களில் அது காணப்படுகிறது. கரையோர வயல்களில் கடல்நீர் புகுவதால் வரும் உவர் இன்னொன்று. அதைத் தடுக்கவே தொண்டைமானாறு, அரியாலை போன்ற இடங்களில் தடுப்பணைகள் கட்டப்பட்டன. ஆண்டுக்கணக்கில் வரம்பு உடைந்து, வடிகால் தூர்ந்து கிடந்த காணிக்குத் திரும்புபவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. உவரை மாரி மழையும் வடிகாலும் கழுவிவிடக்கூடும். களரை வெறும் மழைநீரால் கழுவ முயன்றால் களி மேலும் பிரிந்து நிலம் இன்னும் இறுகும்.

முதற்கட்டமாக வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் கோப்பையில் மழைநீர் எடுத்து, நகமளவு காய்ந்த மண்கட்டியை மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்க வேண்டாம். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் படர்ந்து, தெளியாமல் நின்றால் சோடியம் இருக்கலாம் எனச் சந்தேகிக்க வேண்டும். கட்டி உதிர்ந்தும் நீர் தெளிவாக இருந்தால் அது வேறு சிக்கல். கிணற்று நீரில் உப்பு இருந்தால் இச்சோதனை ஏமாற்றும், ஆகவே மழைநீரே நல்லது. அதன் பின்னர் மண் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, பி.எச். பெறுமானத்தையும் சோடிய வீதத்தையும் அறிந்து கொண்டே ஜிப்சத்துக்குப் பணம் செலவிட வேண்டும்.