அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

சிம்மக்கல்ல நான் வழக்கமா பிரிண்ட் எடுக்கிற ஜெராக்ஸ் கடைக்கு போன வாரம் போயிருந்தேன். கடைக்கார அண்ணன் முகமே சரியில்லை.

"தம்பி, தெரிஞ்ச கஸ்டமர் பேர்ல ஒரு மெயில் வந்துச்சு. பில்லுன்னு ஒரு ஃபைல். தொறந்தேன். அதுல இருந்து சிஸ்டம் ஒரு மாதிரியா இருக்கு. எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் போட்டுரவா?"

"ஒரு நிமிஷம் பொறுங்கண்ணே"ன்னு சொன்னேன். ஏன் பொறுக்கச் சொன்னேன்? அதுதான் இன்னைக்குக் கதை.

ஒரு காலத்துல டாக்குமென்ட்னா வெறும் எழுத்து. அதைத் திறந்து படிச்சா என்ன ஆகிடப் போகுதுன்னு எல்லாரும் நம்பினாங்க. ஆனா மைக்ரோசாஃப்ட் வேர்டுல மேக்ரோன்னு ஒரு வசதி வந்துச்சு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யாம இருக்க, ஃபைலுக்குள்ளேயே ஒரு குட்டி ப்ரோக்ராமை எழுதி வைக்கலாம். கடிதத்துக்குள்ள வேலையாள் ஒருத்தரை உட்கார வச்ச மாதிரி. 1995ல் 'கான்செப்ட்' என்ற வைரஸ் அந்த வேலையாளைத்தான் தன் பக்கம் இழுத்தது.

1999 மார்ச் 26. 'மெலிசா' கிளம்பியது. மெயிலில் வந்த வேர்டு ஃபைலைத் திறந்தால் போதும், உங்க அவுட்லுக்கில் இருக்கிற முதல் 50 முகவரிகளுக்கு உங்க பேரிலேயே போய்விடும். நண்பரிடமிருந்து வந்ததுன்னு அவங்களும் திறப்பாங்க. அதை எழுதிய அமெரிக்கர் டேவிட் ஸ்மித்துக்கு 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அடுத்த வருஷம் மே மாதம், மணிலாவிலிருந்து 'ஐ லவ் யூ' வந்தது. காதல் கடிதம் மாதிரி ஒரு ஃபைல். பேரைப் பார்த்தா சாதாரண எழுத்து ஃபைல்தான். அது ஒரு ப்ரோக்ராம்னு காட்டுற கடைசி எழுத்துகளை விண்டோஸ் மறைச்சு வச்சிருந்தது. அப்ப பிலிப்பைன்ஸில் இதுக்குச் சட்டமே இல்லாததால, எழுதினவர் மேல இருந்த வழக்கு நிற்கவில்லை. அதே மே மாதம்தான் நம்ம நாடாளுமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை நிறைவேற்றியது. 2000 அக்டோபர் 17 முதல், அடுத்தவர் கம்ப்யூட்டரில் வைரஸைப் புகுத்துறது இங்கே சட்டவிரோதம்.

இதெல்லாம் ஊரைக் கூட்டிய வைரஸ்கள். வந்தது உடனே தெரிஞ்சுடும். வந்ததே தெரியாம உட்கார்ந்திருக்கிறதுதான் பெரிய ஆபத்து.

2016 ஜூன் 13. டெல்லியில் ரோனா வில்சன் என்ற செயற்பாட்டாளருக்கு, தெரிந்தவர் கணக்கிலிருந்து மெயில் வருது. ஒரு ஆவணத்தைத் திறக்கச் சொல்லித் திரும்பத் திரும்ப வற்புறுத்தல். திறந்தார். திரையில் ஆவணம் தெரிந்தது. பின்னால் 'நெட்வயர்' என்ற தொலைக்கட்டுப்பாட்டு மென்பொருள் சத்தமில்லாம உட்கார்ந்தது. 22 மாதம் அங்கேயே இருந்து, குற்றம் சாட்டுற கடிதங்களை ஒரு மறைவான ஃபோல்டரில் வச்சதுன்னு அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் 2021 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. பீமா கோரேகான் வழக்கில் அவர் மேல சாட்சியமா வச்சதே அந்தக் கடிதங்களைத்தான். இது எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் கேட்டுச் செஞ்ச ஆய்வு. என்.ஐ.ஏ. தரப்பு இதை ஏற்கவில்லை. ஊடுருவினது யாருன்னு ஆர்சனலும் பேர் சொல்லலை.

அதே வழக்கில் கைதானவர் ஸ்டேன் சுவாமி. நம்ம திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தவர். 2021 ஜூலை 5ல், ஜாமீன் கிடைக்காமலேயே, 84 வயசுல மும்பை மருத்துவமனையில் இறந்தார். 2022 டிசம்பரில் அவர் கம்ப்யூட்டர் பற்றியும் ஆர்சனல் அறிக்கை வந்தது. அதே ஊடுருவல்காரர், 2014லிருந்தே உள்ளே. 40க்கும் மேற்பட்ட ஃபைல்கள் வைக்கப்பட்டவைன்னு சொன்னாங்க. இன்னொன்னும் சொன்னாங்க. 2019 ஜூன் 12ல் போலீஸ் அந்தக் கம்ப்யூட்டரைப் பறிமுதல் செஞ்சது. அதுக்கு முந்தின ராத்திரி, ஊடுருவினவரே தன் தடயங்களைத் துடைக்கிற வேலையில் இறங்கியிருந்தார்.

இந்த இடத்துலதான் எனக்கு ஜெராக்ஸ் கடை அண்ணன் ஞாபகம் வந்தார். பயத்துல நாம முதல்ல செய்ய நினைக்கிறது அழிக்கிறது. ஆனா ஊடுருவினவனுக்கு வேண்டியதும் அதேதான். அந்தத் தடயம் கொஞ்சமாவது மிச்சம் இருந்ததாலதான், செத்துப்போன ஒரு மனுஷனுக்காக யாரோ பேச முடிஞ்சது.

அதனால நாங்க செஞ்ச வரிசை இது. முதல்ல வைஃபையைத் துண்டிச்சோம். அந்த மெயிலை அழிக்கலை, யாருக்கும் ஃபார்வர்டும் பண்ணலை. இன்னொரு கம்ப்யூட்டரில் மெயிலுக்குள்ள போய், தலைப்பு விவரங்களோட முழு மெயிலையும் பென் டிரைவில் சேமிச்சோம். ஃபைலைத் திறக்கலை. திரையையும் போட்டோ எடுத்தோம். அதே கம்ப்யூட்டரிலேயே மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாத்தி, எல்லா இடத்துலயும் லாக் அவுட் கொடுத்தோம். அப்புறம்தான் விண்டோஸ் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். செர்ட்-இன் நடத்துற சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்துலயும் இலவசக் கருவிகள் கிடைக்கும். அதுக்கும் சரியாகலைன்னா, விண்டோஸை முழுசா புதுசா போடுறதுதான் நிம்மதி. பணம் போயிருந்தா தாமதிக்காம 1930க்கு போன் போடுங்க.

2022லிருந்து, இணையத்துல வர்ற ஃபைல்களில் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் தானாவே தடுக்குது. அதனால இப்ப ஜிப்பிலயும், வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகைன்னு சொல்லி ஏ.பி.கே. ஃபைலாவும் வருது. உறை மாறுது, நம்பிக்கையைப் பிடிச்சுத் தொங்குறது மாறலை. தெரிஞ்சவங்க ஃபைல் அனுப்பினாலும், ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுத் தொறங்க.

அண்ணன் கடை இப்ப நல்லாத்தான் ஓடுது. அந்தப் பென் டிரைவை மட்டும் கல்லாவுக்குள்ள பத்திரமா வச்சிருக்கார். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.