மட்டியை யார் எண்ணுவது? அஷ்டமுடி ஏரியின் கதை

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்கள்ல ஒருத்தர் கேட்டிருந்தார்: "சிவகாசிக்காரனுக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்?" நியாயமான கேள்விதான். எங்க ஊர்ல மழையே வருஷத்துக்கு நாலு தடவை எட்டிப் பார்க்கும். அந்த வறட்சியை நம்பித்தான் பட்டாசும் தீப்பெட்டியும் காயுது.

ஆனா ஒரு விஷயம். 1985 வரைக்கும் எங்க மாவட்டத்துக்குக் கடல் இருந்துச்சு. விருதுநகர், சிவகாசி எல்லாமே அப்போ பழைய ராமநாதபுரம் மாவட்டம். அந்த வருஷம்தான் அதை மூணாப் பிரிச்சாங்க. கடல் அவங்க பக்கம் போச்சு, கந்தகம் எங்க பக்கம் நின்னுது.

அந்தப் பழைய மாவட்டத்தோட கிழக்கு ஓரத்துல மண்டபம் இருக்கு. பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம். சுதந்திரத்துக்குச் சில மாசம் முன்னாடி, 1947 பிப்ரவரியில, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. சி.எம்.எஃப்.ஆர்.ஐ.ன்னு சொல்வாங்க. முதல்ல சென்னையில இருந்து, 1949-ல மண்டபத்துக்கு வந்தது. 1971-ல தலைமையகம் கொச்சிக்குப் போற வரைக்கும் இந்தியக் கடல் மீனைப் பத்தின ஆராய்ச்சிக்கு மையம் மண்டபம்தான்.

அந்த நிறுவனம் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வியில மாட்டிக்குச்சு. கடல்ல எவ்வளவு மீன் இருக்குன்னு எப்படி எண்றது? காட்டுல மரத்தை எண்ணலாம், தண்ணிக்குள்ள முடியாது. அதனால அவங்க கரையில எண்ண ஆரம்பிச்சாங்க. எந்தக் கரை, எந்த நாள், எத்தனை படகுன்னு மாதிரி எடுத்து, இறங்குற மீனை எடை போட்டு, மீனவர்கிட்டயே விசாரிச்சு, அதுல இருந்து மொத்தக் கணக்கை மதிப்பிடுற முறை. ஸ்டாட்ஸ் படிச்சவங்களுக்கு இது சாம்பிளிங்னு புரியும். இதுக்கு அர்த்தம் என்னன்னா, டேட்டா மீனவர் கையில இருந்துதான் வருது. அவர் சொல்லலைன்னா விஞ்ஞானிக்கு எதுவும் கிடைக்காது.

இந்த உறவு சரியா அமைஞ்சா என்ன ஆகும், அமையலைன்னா என்ன ஆகும்? இன்னைக்கு ரெண்டு கதை. ஒண்ணு நம்ம பக்கத்துல, இன்னொண்ணு கனடாவுல. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல நடந்தது.

முதல் கதைக்கு சிவகாசியில இருந்தே ரயில் இருக்கு. சென்னை எழும்பூர்ல இருந்து வர்ற கொல்லம் எக்ஸ்பிரஸ், விடியறதுக்கு முன்னாடி எங்க ஸ்டேஷன்ல நிக்கும். ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை தாண்டி மலை ஏறி, தென்மலை பக்கத்துல பதிமூணு கண்ணு பாலத்தைக் கடந்து, காலையில கொல்லத்துல இறக்கி விடும். இறங்கி ஆட்டோ பிடிச்சா கொஞ்ச நேரத்துல அஷ்டமுடி ஏரிக்கரை. எட்டுக் கை விரிச்ச மாதிரி இருக்குற உப்பங்கழி அது. ஒரு முனையில கடலைத் தொடும்.

அந்த ஏரியோட அடி மண்ணுல ஒரு சின்ன மட்டி வளருது. ஓட்டுக்குள்ள இருக்குற சதையோட கால் பகுதி மஞ்சளா இருக்கும்கிறதால மஞ்சள் கால் மட்டின்னு சொல்லலாம். தோணியில போய், முங்கியோ கைவாரி வச்சோ அள்ளுவாங்க. 1980-கள்ல இதுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் கிடைச்சாங்க. வியட்நாம், தாய்லாந்து, மலேசியா. அள்றவங்க, வேக வச்சு ஓடு பிரிக்கிறவங்க, வியாபாரம் பண்றவங்கன்னு சுமார் 3,000 பேர் இதை நம்பி வாழ ஆரம்பிச்சாங்க.

1991-ல வருஷத்துக்கு 10,000 டன் வரைக்கும் மட்டி வந்துச்சு. 1993-ல அது பாதியாக் குறைஞ்சது. ரெண்டே வருஷத்துல பாதி. காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: அளவுக்கு மேல அள்ளிட்டாங்க. குஞ்சு மட்டியையும் விடல.

இங்க கதையை நிறுத்தி, கனடாவுக்குப் போவோம்.

நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு வெளியே கிராண்ட் பேங்க்ஸ்னு ஒரு பகுதி. ஐந்நூறு வருஷமா காட் மீனுக்குப் பேர் போனது. அங்க ரெண்டு விதமான மீனவர்கள் இருந்தாங்க. பெரிய விசைக்கப்பல்ல ஆழ்கடல் போய் இழுவலை போடுறவங்க ஒரு பக்கம். கரையோரமா சின்னப் படகுல மீன்பிடிக்கிறவங்க இன்னொரு பக்கம். 1980-கள்ல கரையோர மீனவர்கள் சொல்ல ஆரம்பிச்சாங்க: மீன் குறையுது, வர்ற மீனும் சின்னதாகுது. அரசு விஞ்ஞானிகளோட கணக்கு வேற மாதிரி சொல்லுச்சு. இருப்பு நல்லா இருக்குன்னு.

ஏன் அப்படி? கணக்குக்குள்ள போன டேட்டாவுல பெரும்பங்கு பெரிய கப்பல்களோட பிடிப்பு விகிதம். ஒரு மணி நேரம் வலை இழுத்தா எவ்வளவு கிடைக்குதுன்னு. சோனார் வச்ச கப்பல், மீன் கூட்டம் எங்க மிச்சம் இருக்கோ அங்கேயே போய்ப் பிடிக்கும். கடல்ல பத்து கூட்டம் இருந்தது ரெண்டாக் குறைஞ்சாலும், அந்த ரெண்டைத் தேடிப் போற கப்பலுக்கு வலை நிறையும். எண்ணிக்கை பார்க்க ஆரோக்கியமாத்தான் தெரியும்.

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது உடனே புரியும். நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல, ஒரு சர்வீஸுக்கு நானே டேஷ்போர்டு போட்டேன். வர்ற ரிக்வெஸ்ட்ல எத்தனை சதவீதம் சரியா முடியுதுன்னு காட்டும். ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க எல்லாம் பச்சை. சப்போர்ட்ல உட்கார்ந்திருந்த ஒரு அக்கா மட்டும் மூணு தடவை வந்து, "தம்பி, ஆளுங்க லாகின் பண்ணவே முடியலைங்கிறாங்க"ன்னு சொன்னாங்க. "டேஷ்போர்டு பாருங்கக்கா, நல்லாத்தான் இருக்கு"ன்னு நான் அனுப்பி வச்சேன். உள்ள வர முடியாதவங்க என் கணக்குலயே இல்லைன்னு சாயங்காலம்தான் உறைச்சது. அந்த அக்காதான் என்னோட கரையோர மீனவர்.

கனடாவுல அந்தச் சாயங்காலம் ரொம்ப லேட்டா வந்துச்சு. 1986-ல கரையோர மீனவர் சங்கமே அங்க இருக்குற மெமோரியல் பல்கலைக்கழக உயிரியலாளர்களை வச்சு ஒரு அறிக்கை தயார் பண்ணி, அரசுக் கணக்குல ஓட்டை இருக்குன்னு காட்டுனாங்க. பெருசா எதுவும் மாறல. 1992 ஜூலை 2-ம் தேதி, காட் மீன்பிடிக்கே தடை. முதல்ல ரெண்டு வருஷத்துக்குன்னு சொன்னாங்க. சுமார் 30,000 பேருக்கு வேலை போச்சு. அந்தத் தடையை முறைப்படி எடுத்தது எப்போ தெரியுமா? 2024-ல. முப்பத்திரண்டு வருஷம்.

இப்போ அஷ்டமுடிக்குத் திரும்பலாம். கனடா தடை போட்ட அடுத்த வருஷம், 1993. மட்டி பாதியாகிடுச்சு. இங்கேயும் மொத்தமா மூடியிருக்கலாம். இல்ல, கண்டுக்காம விட்டிருக்கலாம். சி.எம்.எஃப்.ஆர்.ஐ. அந்த மட்டியோட வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் ஏற்கெனவே படிச்சுட்டு இருந்தது. அந்த ஆராய்ச்சியை வச்சு மூணு விதி வந்தது.

ஒண்ணு, டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மட்டி அள்ளக்கூடாது. அது முட்டையிடுற காலம்.

ரெண்டு, வலைக் கண்ணி 30 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. குஞ்சு தானா கீழே விழுந்துடும்.

மூணாவது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஏற்றுமதிக்குப் போற மட்டி இறைச்சி ஒரு கிலோவுல 1,400-க்கு மேல எண்ணிக்கை இருக்கக்கூடாது. எங்க ஊர்ல சரவெடிக்கு எண்ணிக்கை கூடக் கூட மவுசு. இங்க தலைகீழ். எண்ணிக்கை கூடினா சின்ன மட்டியை அள்ளியிருக்கீங்கன்னு அர்த்தம்.

இந்த மூணாவது விதியில என்ன விசேஷம்னா, ஏரி முழுக்க போலீஸ் போட வேண்டியதில்ல. தராசு இருக்குற இடத்துல எண்ணினா போதும். சின்ன மட்டியை வாங்க ஆள் இல்லைன்னா, அதை யார் மெனக்கெட்டு அள்ளுவா? அள்றவர், வாங்குறவர், ஏத்துறவர் எல்லாரும் ஒரே எண்ணைப் பார்க்குறாங்க. விஞ்ஞானியோட பாஷையை வியாபாரத்தோட பாஷைக்கு மாத்தின விதி இது.

ஆனா சும்மா வந்துடலை. தினக்கூலி மாதிரி வாழ்றவங்க மூணு மாசம் கையைக் கட்டிட்டு உட்காரணும். அந்த நஷ்டம் விஞ்ஞானிக்கு இல்லை, முங்குறவருக்குத்தான். அவர் ஏன் ஒத்துக்கணும்? ரெண்டு வருஷத்துல தன் தோணி பாதி காலியானதை அவரே பார்த்தவர். விஞ்ஞானி காட்டின எண்ணும் அவர் கண்ணு பார்த்ததும் ஒண்ணா இருந்துச்சு. கனடாவுல அந்த ரெண்டும் பிரிஞ்சு நின்னதுதான் வித்தியாசம்.

மட்டி மீண்டது. அதுக்கப்புறம் சுமார் பத்து வருஷம், வருஷத்துக்கு 10,000 டன் அளவுல நிலைச்சு நின்னுது. அடுத்து, மீனவர்கள், ஏற்றுமதியாளர்கள், விஞ்ஞானிகள், அரசுத் துறைகள் எல்லாரும் சேர்ந்து உட்கார ஒரு நிர்வாகக் குழு அமைஞ்சது. டபிள்யூ.டபிள்யூ.எஃப். இந்தியாவும் கைகொடுத்தது. 2014 நவம்பர்ல அஷ்டமுடி மட்டிக்கு மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலோட சான்றிதழ் கிடைச்சது. இந்தியாவுல முதல் முறை. இதுல ஒரு வட்டம் இருக்கு பாருங்க: அந்தக் கவுன்சில் 1997-ல உருவானதுக்கு ஒரு முக்கியக் காரணமே கனடாவோட காட் மீன் அழிவுதான்.

இங்கேயே முடிச்சா நல்ல வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஆயிடும். முடிக்க முடியாது. சமீப வருஷங்கள்ல அஷ்டமுடி மட்டி மறுபடியும் வெகுவாக் குறைஞ்சிருக்கு. ஏரிக்குள்ள கழிவு சேருது. அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்த ஒரு அந்நியச் சிப்பி இனம் ஏரியில பரவி, மட்டியோட இடத்தைப் பிடிச்சுக்குது. மூணு மாசம் வலையை உலர வச்சாலும் அந்தச் சிப்பிக்கு அது தெரியாது. 1993-ல போட்ட ஒப்பந்தம் மீனவரோட கையைக் கட்டுப்படுத்தும், சாக்கடைக்குழாயைக் கட்டுப்படுத்தாது. 2024-ல சி.எம்.எஃப்.ஆர்.ஐ. குஞ்சு பொரிப்பகத்துல வளர்த்த லட்சக்கணக்கான மட்டிக் குஞ்சுகளை ஏரியில விட்டது. முளைக்குமான்னு இனிமேதான் பார்க்கணும். ஆனா முப்பது வருஷக் கணக்கு கையில இருக்குறதாலதான், எவ்வளவு குறைஞ்சதுன்னு சண்டையில்லாம பேச முடியுது.

கடைசியா எங்க ஊருக்கு வர்றேன். இந்தக் கதையை நான் தேடிப் படிச்சதே அதனாலதான்.

2015-ல டெல்லியில மூணு கைக்குழந்தைகள் பேர்ல உச்ச நீதிமன்றத்துல பட்டாசுக்கு எதிரா வழக்கு. அந்தக் குழந்தைகளோட நுரையீரலும் நியாயம்தான், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. 2018 அக்டோபர் 23-ல தீர்ப்பு வந்துச்சு. பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது. தீபாவளி முடிஞ்சதும் சிவகாசி ஆலைகள் சில மாசம் பூட்டியே கிடந்துச்சு. நான் அப்போ இன்ஜினியரிங் படிச்சுட்டு இருந்தேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தா, காலையில ஆலை வேன் வர்ற சத்தமே இல்லை. மளிகைக் கடை அண்ணாச்சி கடன் நோட்டு ரெண்டாவது நோட்டுக்குப் போயிருந்துச்சு.

நாக்பூர்ல இருக்குற நீரி விஞ்ஞானிகள் உற்பத்தியாளர்களோட உட்கார்ந்து புதுக் கலவை உருவாக்கினாங்க, சிவகாசியிலேயே பரிசோதனைக் கூடம் வந்துச்சு, 2019 அக்டோபர்ல பசுமைப் பட்டாசு அறிமுகமாச்சு. இதுவும் விஞ்ஞானியும் தொழிலும் சேர்ந்த கதைதான். ஆனா எங்க வேதியியல் எங்ககிட்ட ஒரு தீர்ப்பாத்தான் வந்து சேர்ந்தது. பேரியத்தோட புகை பத்து வருஷம் முன்னாடியே சிவகாசி ஆலைகள்ல, மருந்து கலக்குற ஆளையும் பக்கத்துல வச்சுக்கிட்டு அளக்கப்பட்டிருந்தா? அந்தக் கடன் நோட்டு அவ்வளவு தடிச்சிருக்காதுன்னு நான் நினைக்கிறேன்.

அடுத்த தடவை உங்க ஆபீஸ்ல எல்லாம் பச்சையா எரியும்போது, ஒரு அக்கா வந்து "சரியில்லை தம்பி"ன்னு சொன்னா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.