சாடி ஒன்று, குவளை இரண்டு

மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னே கதிரவன் மறைகின்ற வேளை. இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் அண்மையிலுள்ள சோழபுரம் போன்ற ஊர்களில், வயலிலும் ஆலையிலும் வாடி வந்தோர் தேநீர்க்கடைப் பலகையில் வந்தமர்கின்றனர். கொதிக்கிறது பால்; குவளைக்கும் குவளைக்கும் முழ நீளம் இழுத்து ஆற்றுகிறார் கடைக்காரர். அவர் கையருகே கண்ணாடிச் சாடி; சாடி நிறைய நெய்ப் பிஸ்கோத்து. ஒன்றை எடுத்துத் தேநீரில் தோய்த்து வாயிலிட்டால் பல்லுக்கு வேலையில்லை, நாவிலே கரைகிறது. உழைத்த உடலுக்கு ஓரிரு நிமிட இன்பம்!

அற்ப இன்பம் என்பர் சிலர். அற்பமன்று, தோழர்களே! அதற்கும் ஒரு வரலாறு உண்டு. மன்னர்கள் மோதிய போர்களையும் முடிசூடிய ஆண்டுகளையும் மாணவர்களை ஒப்புவிக்கச் செய்யும் ஆசிரியர்களாகிய நாம், அந்தச் சாடியின் வரலாற்றைச் சொல்லித் தருவதில்லை. பாடநூலில் இடமில்லாத அதனை இங்கே பேசுவோம்.

இதே இனத்துப் பண்டத்தை ஸ்காட்லாந்து நாட்டார் 'ஷார்ட்பிரெட்' என்பர். மாவு மூன்று பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு. இவ்வளவே அதன் பழைய கணக்கு. 'ஷார்ட்' என்றால் குட்டை என்று மட்டுமே அறிந்தவர்கள் வியப்பார்கள். எளிதில் பொடிந்துபோவது என்பதும் அச்சொல்லின் பழம்பொருள்களில் ஒன்று. கோதுமை மாவில் நீர் விட்டுப் பிசைந்தால் அதிலுள்ள புரதம் இழையிழையாய்ப் பின்னிக்கொள்ளும். பரோட்டா மாவு இழுத்த இழுப்புக்கெல்லாம் வருவது அதனால்தான். நெய்யோ வெண்ணெயோ முந்திக்கொண்டு மாவுத் துகளைச் சூழ்ந்துகொண்டால் அந்த இழை நீள வழியில்லை. ஆகவே கடித்தால் நொறுங்குகிறது. ஸ்காட்லாந்தின் மேரி அரசி கண்டெடுத்த பண்டம் இது என்று ஒரு கதையும் அங்கு உண்டு. அரசிகள் அடுப்பூதியதாக எந்த நாட்டு வரலாற்றிலும் நாம் படித்ததில்லை!

நம் நாட்டுப் பண்டத்தின் வழி வேறு. வடக்கே இதனை 'நான்கட்டாய்' என்பர். 'நான்' பாரசீகத்தில் ரொட்டி. 'கத்தாய்' சீன நாட்டைக் குறிக்கும் பழம்பெயர் என்பது அறிஞர் பலரின் கருத்து. பாரசீகப் பெயர் தாங்கிய இப்பண்டம் பெயர் பெற்றதோ சூரத்துத் துறைமுகத்தில். டச்சு வணிகர்கள் அங்கே ரொட்டி அடுப்பு வைத்திருந்தனர். அவர்கள் போனபின் தோத்திவாலா என்ற பார்சிக் குடும்பத்தார் அந்த அடுப்பை ஏற்று நடத்தினர் என்பது சூரத்தில் வழங்கும் செய்தி. மாவைப் புளிக்க வைக்கக் கள் சேர்த்தார்கள், முட்டையும் சேர்த்தார்கள். உள்ளூர் வைதீகர்கள் முகம் சுளித்தனர். கள் போயிற்று, முட்டை போயிற்று. மாவும் நெய்யும் சர்க்கரையும் மட்டும் எஞ்சி நின்றன. நெய்ப் பிஸ்கோத்து அவ்வாறு உருவாயிற்று என்பர்.

'பிஸ்கோத்து' என்னும் சொல்லோ போர்ச்சுகீசியர் நமக்கு விட்டுச்சென்றது. இருமுறை சுட்டது என்பது அதன் இலத்தீன் மூலத்தின் பொருள். மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்குக் கெடாத உணவு அது. முத்துக் குளித்த தூத்துக்குடிக் கரைக்குப் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தனர். 1658இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலைச்சேரியில் 1880இல் மாம்பள்ளி பாப்பு என்பவர், பர்மாவில் கற்ற தொழிலைக் கொண்டு பிஸ்கோத்துத் தொழிற்கூடமே தொடங்கினார். இவ்வாறாகக் கடல் வழியே வந்த பண்டம் நம் கடைத்தெருவில் குடியேறிற்று.

எளிதாகவா குடியேறிற்று? விபின் சந்திர பாலர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு செய்தி சொல்கிறார். கச்சார்ப் பகுதியில் படித்த குடும்பத்தார் சிலர் தேநீரோடு பிஸ்கோத்து உண்டார்கள் என்று தெரிந்ததும் ஊரே கொந்தளித்ததாம்! கொலையா செய்தனர்? கொள்ளையா அடித்தனர்? பிஸ்கோத்துத் தின்றனர். அதைச் சுட்டவன் யாரோ, அவன் சாதி யாதோ என்பதுதான் வைதீகத்தின் கவலை. அந்தக் கவலையையே காசாக்கவும் வணிகர்கள் அறிந்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தில்லியில் 'இந்து பிஸ்கட்' கம்பெனி எழுந்தது. உயர்சாதிக் கைகளே தொட்டுச் செய்தவை என்பது அதன் விளம்பரச் சிறப்பு. மாவு நல்லதா, நெய் புதியதா என்பதன்று கேள்வி. கை யாருடையது என்பதே கேள்வி!

இனி, சாத்திரத்தின் உள்ளே சற்று நுழைந்து பார்ப்போம். வடநாட்டில் உணவை 'கச்சா' என்றும் 'பக்கா' என்றும் இரண்டாகப் பிரிப்பர். நீரில் வெந்தது கச்சா. அதைத் தன் சாதியாரிடமோ தனக்கு மேற்பட்டவரிடமோதான் வாங்கலாம். நெய்யில் வெந்தது பக்கா. அதைத் தனக்குக் கீழே வைக்கப்பட்ட சாதியார் சிலரிடமும் வாங்கலாம். தென்னாட்டில் இப்பெயர்கள் வழங்கவில்லை என்றாலும் கருத்து வழங்கிற்று. சோறு என்றால் கட்டு, தண்ணீர் என்றால் கடுங்கட்டு. எண்ணெய்ப் பலகாரம் என்றால் சற்றே தளர்வு. நீரிலே தீட்டு ஒட்டுமாம். நெய்யிலே வழுக்கி ஓடிவிடுமாம்! வேதியியல் படித்த தோழர்கள் இவ்விதியை எந்த அட்டவணையில் சேர்ப்பார்களோ, நாம் அறியோம்.

நெய்ப் பிஸ்கோத்தின் கணக்கை இப்போது மீண்டும் நினைத்துப் பாருங்கள். மாவு, நெய், சர்க்கரை. துளி நீரில்லை. சாத்திரப்படியே பார்த்தாலும் தீட்டு ஒட்ட இடமற்ற பண்டம்! தென் மாவட்டத் தேநீர்க்கடைகளில் அந்தச் சாடி ஊருக்கெல்லாம் ஒன்றாக இருந்ததன் மருமம் இதுவே என்று நாம் கருதுகிறோம். தேவர் வந்தாலும் நாடார் வந்தாலும் பள்ளர் வந்தாலும் பறையர் வந்தாலும் சக்கிலியர் வந்தாலும் அதே சாடி, அதே பிஸ்கோத்து, அதே காசு. சிலருக்கு மட்டும் கை படாமல் மேலிருந்து போட்டார்கள் என்பது தவிர.

ஆனால் தேநீர்? அது நீராயிற்றே! நீரைக் குடிக்கக் குவளை வேண்டும். குவளையில் வாய் படும். அங்கே விழித்துக்கொண்டது சாதி. பலகையில் அமர்ந்தவருக்குக் கண்ணாடிக் குவளை; தரையில் குந்தியவருக்குச் சிரட்டை, பின்னாளில் தனியாக ஆணியில் தொங்கிய அலுமினியக் குவளை. குடித்தவர் தாமே கழுவி வைக்கவேண்டும். சாடி ஒன்று, குவளை இரண்டு! ஒருவர் பிஸ்கோத்தைக் கண்ணாடிக் குவளையில் தோய்த்தார். மற்றவர் சிரட்டையில் தோய்த்தார். நாவில் பட்ட சுவை ஒன்றாகத்தான் இருந்திருக்கும். நெஞ்சில் பட்டது ஒன்றாக இருந்திருக்குமா?

இதனினும் பெரிய வேடிக்கை தேயிலையில் அடங்கியிருக்கிறது. தமிழரின் பழம்பானம் அன்று அது. தோட்ட முதலாளிகள் 1903இல் தேயிலை ஏற்றுமதி மீது தீர்வை விதிக்கச் செய்து, அப்பணத்தைக் கொண்டு விளம்பரம் நடத்தினர். உலகச் சந்தை சரிந்து, 1933இல் நாடுகளிடையே ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்தபின், விற்காத சரக்குக்கு உள்நாட்டிலேயே வாய் தேடினர். ஊர்தோறும் வண்டி, இலவசக் குவளை, செய்து காட்டும் ஆள்! சந்தைகளும் ஆலைகளும் அவர்களது குறி. இராசபாளையம் மில் 1936இல் தோன்றியது. ஆலைச் சங்கும் தேநீர்க் குவளையும் இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ ஒரே தலைமுறையின் வரவு.

அந்த இலையைக் கிள்ளிய விரல் எவருடையது? ஜேம்ஸ் டெயிலர் 1867இல் இலங்கையின் லூல்கந்துராவில் தேயிலை பயிரிட்டார். காப்பிச் செடியை இலைநோய் அழித்தபின் மலையெல்லாம் தேயிலையாயிற்று. அந்த மலைகளுக்குத் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, திருச்சிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்றவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியாரே. ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் ஏறியவர்களின் கதையும் அதுவே. லயன் அறைகளில் அடைபட்டு, அட்டை கடிக்க, அவர்கள் கொழுந்து கொய்தனர். உழைத்து வளர்த்த இலங்கையில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் குடியுரிமையையே பறித்தது.

அவர்கள் கைபட்ட இலை தீட்டன்று; அக்கரகாரத்துக்கும் போயிற்று, மாளிகைக்கும் போயிற்று. அவர்கள் அண்ணன் தம்பியின் வாய்பட்ட குவளை மட்டும் தீட்டு! இலைக்கு இல்லாத சாதி கண்ணாடிக்கு எங்கிருந்து வந்தது?

கண்ணாடியோடு நின்றதா இக்கொடுமை? தொடர்வண்டி நிலையங்களின் உணவுச்சாலைகளில் பிராமணருக்கு ஒரு பகுதி, ஏனையோருக்கு ஒரு பகுதி. தென்னாட்டில் அப்பிரிவினை 1941இல்தான், பெரியாரும் அவர்தம் தோழர்களும் தொடுத்த இடைவிடாத எதிர்ப்பின் பின்னர் ஒழிந்தது. வடக்கே 'இந்து சாயா', 'முஸ்லிம் சாயா' என்று நிலையங்களில் கூவி விற்றனர். 1945இல் செங்கோட்டையில் சிறைவைக்கப்பட்ட இந்திய தேசிய இராணுவ வீரர்களுக்கும் அவ்வாறே இரு பாண்டங்களில் தேநீர் வந்தது. வீரர்கள் செய்தது என்ன? இரண்டையும் ஒன்றாகக் கலந்து பகிர்ந்து குடித்தனர்! தம்மைக் காண வந்த காந்தியாரிடம் அதனைச் சொல்லவும் செய்தனர். எத்தனையோ மாநாட்டுத் தீர்மானங்களைவிட அந்தக் கலவை நமக்கு இனிக்கிறது.

பின்னர் சட்டம் வந்தது. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடைகளையும் உணவு விடுதிகளையும் எல்லார்க்கும் திறந்தது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் உணவு விடுதியில் பொதுவாக வைத்த பாத்திரத்தையும் பெயர் சொல்லிக் காத்தது. பாத்திரத்துக்கென்று பாராளுமன்றம் சட்டம் செய்யவேண்டி வந்த நாடு நம் நாடு! 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில், 'பிராமணாள்' என்று பலகை மாட்டிய உணவு விடுதியின் முன் நாள்தோறும் மறியல் செய்து பல நூற்றுவர் சிறை சென்றனர்.

அந்தப் பலகைகள் இறங்கின. ஆயினும் வேறொரு பலகை இன்று ஊர்தோறும் ஒளிர்வதைக் காண்கிறோம். 1898இல் பெங்களூரில் திருமலாச்சார் என்பவர் முட்டையில்லாத ரொட்டிக் கடை வைத்தார். அவ்வழியில் பரவியதே 'ஐயங்கார் பேக்கரி' என்னும் பெயர். நம் ஊர்களில் அப்பெயர்ப் பலகையின் கீழே அடுப்படியில் வியர்வை சிந்துபவர் பெரும்பாலும் அச்சாதியைச் சேர்ந்தவரல்லர். சுடுவது ஒருவர் கை, விற்பது இன்னொருவர் சாதிப் பெயர்! அங்கும் நெய்ப் பிஸ்கோத்து கிடைக்கிறது. சுவையில் குறையில்லை என்பதையும் நேர்மையோடு சொல்லத்தான் வேண்டும்.

இரட்டைக் குவளை? சட்டம் வந்தும் சாகவில்லை அது. இந்த நூற்றாண்டிலும் தமிழ்நாட்டில் கள ஆய்வு செய்தோர் அதனைக் கண்டு எழுதினர். அதன் புதிய வடிவத்தையும் எழுதினர். அலுமினியக் குவளையை மறைத்துவிட்டு, சேரியிலிருந்து வருவோருக்கு மட்டும் தூக்கி எறியும் குவளையில் தேநீர் தரும் தந்திரம்! பார்ப்பவர் தூய்மை என்று எண்ணுவர்; வாங்குபவருக்குத் தெரியும் அது என்னவென்று. 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் குவளைக்கும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைக்கும் தடை வந்தது. தடைக்குப் பின்னும் அவை புழங்குகின்றன. சில கடைகளில் அனைவருக்கும் கொடுக்கிறார்கள், அங்கே குற்றமில்லை. சில கடைகளில் யாருக்குக் கண்ணாடி, யாருக்குக் காகிதம் என்பதைச் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே தோழர்களே, வரும் ஞாயிறு மாலை உங்கள் ஊர்த் தேநீர்க்கடைக்குச் செல்லுங்கள். இரண்டு நெய்ப் பிஸ்கோத்து வாங்குங்கள். அவசரமின்றித் தோய்த்துச் சுவையுங்கள். சுவைத்துக்கொண்டே, குவளைகள் எத்தனை வகை என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை ஊர்ப் பெயருடன் நமக்கு எழுதியனுப்புங்கள்.