எண்ணெய்க்கு ஈடு உண்டு; ஏழைக்கு?

விம்கோ நகர்! தீப்பெட்டி செய்த கம்பெனியின் பெயரையே தன் பெயராகத் தாங்கி நிற்கும் ஊர். 2021-ல் மெட்ரோ இரயிலும் அந்தப் பெயரைத் தேடி வந்து நின்றது. இங்கிருந்தும், திருவொற்றியூரிலிருந்தும், எண்ணூரிலிருந்தும் இளைஞர்கள் எண்ணெய் விளையும் நாடுகளுக்குப் புறப்படுகின்றனர். "அங்கே ஆபத்து இல்லையா?" என்று அன்னை கலங்குகிறாள். "எல்லாம் விதிப்படி" என்று அடுத்த வீட்டார் ஆறுதல் கூறுகின்றனர்.

விதிப்படியா? வரலாற்றைக் கேட்போம், வாருங்கள் தோழர்களே!

தமிழன் கண்ட முதல் எண்ணெய் நாடு அரேபியா அன்று, பர்மா. ஐராவதி ஆற்றங்கரையிலே ஏனாங்யாவுங் என்றோர் ஊர். அங்கே பர்மியர் தலைமுறை தலைமுறையாகக் கையாலேயே கிணறு தோண்டி எண்ணெய் இறைத்து வந்தனர். 1885-ல் மேல் பர்மாவையும் வெள்ளையர் கைப்பற்றினர். மறு ஆண்டே, 1886-ல், பர்மா ஆயில் கம்பெனி பிறந்தது. படை முன்னே சென்றது. பங்குதாரர் பின்னே சென்றனர்!

அந்த எண்ணெய் சென்னைக்கும் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கியபோது, தீப்பற்றி எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளே. "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் பேசுகிறோமே, அந்தச் சொல் நம் நாவில் ஏறியது அந்த நெருப்பின் வெளிச்சத்தில்தான்.

எண்ணெய் இங்கு வந்தது. ஆட்கள் அங்குச் சென்றனர். மூட்டை தூக்க, நெல் அறுக்க, ஆலையில் உழைக்கத் தமிழரும் தெலுங்கரும் கப்பல் கப்பலாகச் சென்றனர். 1931-ல் இரங்கூன் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். உழைக்கச் சென்றவரோடு வட்டிக்கு விடச் சென்றவரும் இருந்தனர். பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடனில் மூழ்கிய பர்மிய உழவனின் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டிநாட்டு லேவாதேவிக்காரர் வசம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938-ல் அது 25 பங்கு. இதை மறைப்பது நமக்கு அழகன்று. பர்மியனின் சினத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தச் சினம் யார் தலையில் விழுந்தது? 1930-ல் இரங்கூன் துறைமுகத்திலே, கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தெலுங்குத் தொழிலாளிக்கு எதிராகப் பர்மியத் தொழிலாளி இறக்கப்பட்டான். வேலைநிறுத்தம் முடிந்ததும் விரட்டப்பட்டான். ஏழையும் ஏழையும் மோதினர், தெருவெல்லாம் குருதி! 1938-ல் மீண்டும் கலவரம். கொள்ளையிட்டவன் கோட்டைக்குள், கூலிக்காரன் கொலைக்களத்தில்!

1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் இரங்கூனில் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. இலட்சக்கணக்கானோர் அரக்கான் வழியும், தாமு வழியும், ஹூக்காங் பள்ளத்தாக்கின் வழியும் இந்தியா நோக்கி நடந்தனர். காலராவும் மலேரியாவும் பசியும் பல்லாயிரவரைத் தின்றன. வெள்ளையனுக்கு ஒரு வழி, கறுப்பனுக்கு ஒரு வழி என்று பாகுபாடு காட்டப்பட்டதாக அந்நாளிலேயே குற்றச்சாட்டு எழுந்தது.

பகைவன் கையில் சிக்கக் கூடாதென்று, சிரியம் சுத்திகரிப்பு ஆலையையும் ஏனாங்யாவுங் கிணறுகளையும் பிரிட்டிஷ் அரசின் ஆணைப்படி தகர்த்தனர். போர் முடிந்தது. கம்பெனி ஈடு கேட்டது, கருணைத் தொகையாக ஓரளவு பெற்றது, போதாதென்று வழக்காடியது. 1964 ஏப்ரலில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, "ஈடு தரவேண்டும்" என்று தீர்ப்பளித்தது. 1965-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றித்தான் அத்தீர்ப்பைச் செல்லாததாக்க முடிந்தது! கிணற்றுக்காக வாதாட வழக்கறிஞர் இருந்தனர். காட்டில் மாண்ட கூலிக்காரனுக்காக எந்த மன்றத்தில் எவர் வாதாடினர்?

அதே 1964-ல் இரங்கூனில் நடந்தது என்ன? நெவின் இராணுவ ஆட்சி கடைகளை நாட்டுடைமையாக்கியது. மே மாதத்தில் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாவென்று அறிவித்தது. ஓராண்டுக்கு முன் பர்மா ஆயில் கம்பெனியின் பங்குகளை விலை கொடுத்து வாங்கிய அரசு, எளியவனின் கடையைப் பூட்டி வெறுங்கையுடன் அனுப்பியது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் குடியுரிமைச் சீட்டு இல்லாததால் அயலார் ஆயினர். சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடிசையிட்டனர். 1969-ல் கடற்கரைச் சாலையோரத்தில் பர்மா பஜார் எழுந்தது. அங்கே விற்கும் அத்தோவைச் சுவைப்போரில் எத்தனை பேர் அந்தக் கண்ணீரை அறிவர்?

இதெல்லாம் விதி என்றால், 1990-ல் அந்த விதி ஏன் மாறியது? அவ்வாண்டு ஆகஸ்ட் 2-ல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. அம்மானிலிருந்து விமானங்கள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியரைத் தாயகம் சேர்த்தன. 1991-ல் ஐக்கிய நாடுகள் சபை இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருவாயிலிருந்தே பங்கெடுத்து, ஓடிவந்த தொழிலாளிக்கு 2,500 டாலர் முதல் ஈடு என்று வகுத்தது. முதலில் தனிமனிதர், பிறகே கம்பெனிகள்! காலம் தாழ்ந்தே வந்தது, ஆயினும் வந்தது.

1942-ல் வராத ஈடு 1990-க்குப் பின் எப்படி வந்தது? தெய்வம் திருந்தியதா? கிரகம் பெயர்ந்ததா? இல்லை, தோழர்களே! மனிதர் எழுதிய விதிமுறை மாறியது, அவ்வளவே.

ஆகவே புறப்படும் இளைஞனுக்குத் தாயத்து கட்டாதீர்; அவன் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். ஜாதகம் பார்க்காதீர், முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சென்ற இடத்தில் நம் தூதரகம் அவன் பெயரை அறிந்திருக்கட்டும். கடவுச்சீட்டு அவன் கையிலேயே இருக்கட்டும். இவை போதா, எண்ணெய்க்கு ஈடு கேட்ட உரிமையைத் தொழிலாளிக்கும் சட்டத்தில் எழுதுமாறு நாம் கேட்டாக வேண்டும்.

தொட்டி எரிந்தால் கணக்கெழுதும் உலகம், தொழிலாளி எரிந்தாலும் கணக்கெழுதட்டும்!