பெற்றோர் விருப்பமும் பெறாத திருமுழுக்கும்: ஒரு சட்ட விதி பற்றிய மறுசிந்தனை

திருச்சானூருக்குச் சில கல் தொலைவிலுள்ள சந்திரகிரிக்கு 1598இல் இயேசு சபைத் துறவியர் வந்தனர். விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதி ராயரின் அவையில் அவர்களுக்கு மரியாதை கிடைத்தது. மதம் மாறியவரோ மிகச் சிலர். நூறாண்டு கழித்து பிரெஞ்சு இயேசு சபையார் கர்நாடக மிஷனைத் தொடங்கிப் புங்கனூர் வரை பரவினர். சாகும் தறுவாயிலிருந்த பிற சமயக் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுத்ததை அவர்களின் மடல்கள் மனநிறைவோடு சொல்கின்றன. நெற்றியில் தண்ணீர் வார்த்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும்; குழந்தைக்கு மோட்சம் உறுதி என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த அவசரத்தைப் பிறப்பித்த இறையியல் இன்று தளர்ந்துவிட்டது. அதன் சட்ட எச்சம் மட்டும் நீடிப்பது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது மிக மென்மையானது என்றார் அகுஸ்தீனார். இடைக்கால இறையியலார் அதை மேலும் தணித்து, வேதனையும் இல்லாத, இறைக்காட்சியும் இல்லாத 'லிம்போ' என்ற நிலையை வகுத்தனர். பரவலாகக் கற்பிக்கப்பட்டாலும், அது விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் வரையறுக்கப்படவில்லை.

வளர்ந்தோர் நிலை வேறு. திருமுழுக்கு அல்லது அதன்மேல் விருப்பம் என்று திரெந்து சங்கம் 1547இல் வழி திறந்து வைத்தது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதோரைப் பற்றி ஒன்பதாம் பத்திநாதர் 1863இல் பரிவோடு எழுதினார். வெளிப்படையாகச் சொல்லாத விருப்பமும் போதும் என்று 1949இல் உரோமை பாஸ்டன் பேராயருக்கு விளக்கியது. மனச்சான்றின் வழி இறைவனைத் தேடுவோரும் மீட்படையலாம் என்றது இரண்டாம் வத்திக்கான் சங்கம் (திருச்சபை, எண் 16).

இங்கே ஒரு முரண் பிறக்கிறது. திருச்சானூர்ப் பத்மாவதித் தாயாரை நேர்மையோடு வணங்கி வாழ்ந்த தகப்பனுக்கு மீட்பின் வாசல் திறந்திருக்கிறது. விரும்பவோ தேடவோ இயலாத அவர் கைக்குழந்தைக்கு அது மூடியிருக்கிறது. பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் மருத்துவச்சியரிடம் பேசியபோது இதை மறைக்கவில்லை: அன்புச் செயல் வளர்ந்தவருக்குத் திருமுழுக்கின் குறையை நிரப்பலாம், குழந்தைக்கு அவ்வழி இல்லை என்றார்.

முரண் தளர்ந்தது பின்னர்தான். 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் இக்குழந்தைகளை இறை இரக்கத்திடம் ஒப்படைத்தது (எண் 1261). கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்தாலும் தாம் அருளடையாளங்களால் கட்டுண்டவர் அல்லர் என்றும் சொன்னது (எண் 1257). பன்னாட்டு இறையியல் ஆணையத்தின் 2007ஆம் ஆண்டு ஆவணம், அவர்கள் மீட்படைவர் என்று நம்பப் பலத்த காரணங்கள் உண்டு என்றது. உறுதி என்று சொல்லவில்லை. எதிர்நோக்கு என்றே சொன்னது.

சட்டமும் ஒரு பக்கம் இளகியது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருமுழுக்குப் பெறாதவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. திருமுழுக்குக்கு ஆயத்தமாகிவந்தோர் மட்டுமே விதிவிலக்கு. இலத்தீன் முறையினருக்கான 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1183ஆம் விதி, பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்தால், ஆயர் அனுமதியோடு குழந்தைக்கும் அடக்கச் சடங்கு நடத்தலாம் என்கிறது. ஆனால் சாகும் தறுவாயிலுள்ள பிற சமயக் குழந்தைக்கு, பெற்றோர் மறுத்தாலும், திருமுழுக்குக் கொடுக்கலாம் என்ற 868ஆம் விதியின் இரண்டாம் பத்தி அப்படியே இருக்கிறது.

மீட்புக்கு உறுதியான வழியாகத் திருச்சபை அறிந்தது திருமுழுக்கு ஒன்றே. ஆகவே ஐயம் இருக்கும்வரை முன்னெச்சரிக்கை நியாயம் எனலாம். இது வலுவான மறுப்புதான். ஆயினும் லிம்போவை ஏற்ற தாமஸ் அக்குவினாரே இதற்கு எதிராக நிற்கிறார்: குழந்தையை நித்திய மரணத்திலிருந்து காப்பதற்காகக்கூட, தகப்பனின் பொறுப்பில் அதை வைத்த இயற்கைச் சட்டத்தை மீறக்கூடாது என்றார் அவர். ஆபத்து பெரிதெனக் கருதிய காலத்திலேயே தடுத்த நெறி, எதிர்நோக்கு வளர்ந்த காலத்தில் தளர வேண்டிய காரணம் என்ன?

1990இல் வெளிவந்த கீழைத் திருச்சபைகளின் தொகுப்பு, 681ஆம் விதியில் இதே அனுமதியைத் தந்தாலும், பெற்றோர் மறுத்தாலும் என்ற சொற்களைச் சேர்க்கவில்லை. சீரோ மலபார் கத்தோலிக்கரை ஆள்வது அத்தொகுப்பே. ஒரே நாட்டில் இலத்தீன் முறையினருக்கு மட்டும் அச்சொற்கள் தேவை என்பதற்கு இறையியல் காரணம் இல்லை. அவற்றை நீக்குவதால் திருமுழுக்கின் மதிப்பு குறையாது. பெற்றோரின் உரிமையும் கடவுளின் இரக்கமும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டதாகும்.